பஸ் வரும் வரைதான் கூட்டம்

போன வாரம் கொல்லிமலை சோளக்காட்டில், பெரிய பலாப்பழம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூறலில் தனியாக நின்றேன்.

தனியாக... இதுதான் விஷயம். ஏனென்றால் ஒரு நிமிஷம் முன்புவரை என்னைச் சுற்றி முப்பது பேர் இருந்தார்கள்.

எங்கே போனார்கள்? சொல்கிறேன். அதற்கு முன்னால் பூங்கொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் இல்லாவிட்டால் இது வெறும் பலாப்பழக் கதை. அவள் இருப்பதால் கிரிப்டோ கதையும்கூட. பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எனக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியாதா?

என் மனைவி ராஜிக்கு முழங்கால் வலி. மலைக்காற்று பட்டால் சரியாகும் என்று அவளுடைய வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ சொல்லிவிட்டார்கள். நாலு நாள் தங்கலாம் என்று சேலத்திலிருந்து காரில் கிளம்பினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ராஜி ஒரு சாமியைக் கூப்பிட்டாள். கடைசி சில வளைவுகளில் சாமிகள் தீர்ந்துபோய் என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

குண்டனி நாட்டில் ஒரு விவசாயி வீட்டு மாடி அறையில் தங்கினோம். அந்த வீட்டுப் பெண்தான் பூங்கொடி. நாமக்கல்லில் புள்ளியியல் படித்தவள். கீழே முன்னறையில், மிளகு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலையில் இருந்து லேப்டாப்பில் எதையோ முறைத்துக்கொண்டே இருப்பாள்.

முதல் நாளே கேட்டேன், என்ன வேலை என்று.

"எக்ஸ்சேஞ்சுங்களோட வால்யூம் சரியா இருக்கான்னு பாக்கறதுங்க சார்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வீட்டு லேண்ட்லைனில் ஆறு மாதமாகக் கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரிதான் கேட்கிறது. நம்பரைக் கொடுத்து, "கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லும்மா" என்றேன்.

பாவம், அந்தப் பெண் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டு வந்தாள்.

அது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இல்லையாம். கிரிப்டோ காசுகளை வாங்கி விற்கும் இணையச் சந்தைகளுக்கும் அதே பெயர்தானாம். வால்யூம் என்பதும் சத்தம் இல்லையாம். ஒரு நாளைக்கு அங்கே எவ்வளவு வியாபாரம் நடக்கிறது என்ற கணக்காம். உலகம் முழுக்க இப்படிச் சந்தைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 'எங்களிடம்தான் வியாபாரம் அதிகம்' என்று மார் தட்டுகிறது. அதில் எது நிஜம், எது புளுகு என்று பார்த்து வரிசைப்படுத்தித் தருவது பூங்கொடி வேலை பார்க்கும் கம்பெனியின் தொழில்.

வியாபாரத்தில் எப்படிப் புளுக முடியும்? விற்றால் விற்றதுதானே என்று கேட்டேன்.

"எங்கப்பா ஒரு மூட்டை மிளகை சித்தப்பாவுக்கு விக்கறாருன்னு வைங்க. சித்தப்பா அதையே திருப்பி எங்கப்பாவுக்கு விக்கறாரு. பொழுது சாயற வரைக்கும் இப்படியே நூறு தடவை கை மாத்துனா, நூறு மூட்டை வித்ததா சொல்லிக்கலாமுங்க. ஆனா மூட்டை எங்க ஊட்டை உட்டே போயிருக்காது."

எதற்கு இந்த வெட்டி வேலை?

கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தானே நாலு பேர் வருவார்கள்... அந்த நாலு பேருக்காகத்தான். இங்கே நல்ல வியாபாரம் என்று நம்பி, சேர்த்து வைத்ததைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது.

பூங்கொடிக்கு அது ஆறு மாத ப்ரொபேஷனின் கடைசி வாரம். அவளே தனியாகச் செய்த முதல் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தாள். அதில் ஒரு காரியம் செய்திருந்தாள். ஊரெல்லாம் இரண்டாம் இடம் கொடுத்து வைத்திருந்த ஒரு சந்தையைத் தூக்கிக் கடைசிக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். பெயர் வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் வாங்கும் தெம்பு எனக்கில்லை.

பெங்களூருவில் இருக்கும் அவளுடைய மேனேஜர் திருச்சிக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் கலங்கிப்போய்விட்டார். வாடிக்கையாளர்கள் சும்மா விடுவார்களா? 'உன் கணக்கு எனக்குப் புரிகிறது. அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு வரி சொல்லு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பேசுவோம். சொல்ல முடியவில்லை என்றால் ரிப்போர்ட்டை நிறுத்த வேண்டியதுதான்' என்று சொல்லிவிட்டாராம்.

ரிப்போர்ட் நின்றால் வேலையும் நிற்கும். அதை அவர் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. வீட்டை விட்டுப் போகாமல், மலையிலேயே இருந்துகொண்டு படித்த படிப்புக்கு ஒரு வேலை... இன்னொன்று எப்போது கிடைக்கும்?

ஒரு வரிதானே? நான் எதற்கு இருக்கிறேன்? இருபது வருஷமாக வாராவாரம் வரி வரியாக எழுதித் தள்ளுகிறவன். தோள்பட்டையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்றேன்.

"அது நகைக்கடைக்குங்க சார்."

"நிறைகுடம் தளும்பாது."

அவள் குனிந்து லேப்டாப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். மரியாதை தெரிந்த பெண்.

கடைசியாக, "கும்பலோடு கோவிந்தா போடாதே" என்றேன். இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது என்றாள். ஆனால் கும்பலே பொய் என்பது இதில் வரவில்லையே என்றாள். எனக்குக் கோபம். ராஜிக்கு ஒரே சிரிப்பு.

வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து ஒயர் மேல் விழுந்து இன்டர்நெட் போச்சு. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. சோளக்காட்டுக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். பூங்கொடியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஏறும்மா என்று காரை எடுத்தேன். ராஜியும் ஏறிக்கொண்டாள்.

ரெண்டரைக்குச் சோளக்காடு. பின் சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பூங்கொடி எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு பழமொழி சொல்லிவிடுவேன் என்று பயந்து, ராஜி என்னைப் பழம் வாங்கி வர அனுப்பினாள்.

ரோட்டோரம் வரிசையாகப் பழக்கடைகள். எல்லாக் கடையிலும் ஈ. ஒரே ஒரு கடையில் மட்டும் முப்பது பேர். தார்ப்பாய்க்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். விவரமானவன் எந்தக் கடைக்குப் போவான்? நான் போனேன். கடைக்காரர் யார் என்று பார்த்தால், முந்தின நாள் பூங்கொடி வீட்டில் பார்த்தவர்; நம் மிளகு மூட்டைக் கதையில் வந்த அதே சித்தப்பா.

அம்பாரமாகப் பலாப்பழம். ஒரு நீலச்சட்டைக்காரர் ஒரு பழத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதை வைத்துக் கேட்டார். தடவிக் கொடுத்தார். எனக்குப் பதற்றமாகிவிட்டது. மலைக்காரர் இத்தனை நேரம் தட்டுகிறார் என்றால் அது எப்பேர்ப்பட்ட பழமாக இருக்க வேண்டும்! குறுக்கே புகுந்து, இது எனக்கு என்றேன்.

சித்தப்பா ஏதோ சொல்ல வந்தார். இன்னும் நாலு நாள் போகணும் என்பது மாதிரி காதில் விழுந்தது. நீலச்சட்டைக்கு எடுத்து வைக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். பேரம்கூடப் பேசவில்லை. காசைக் கையில் திணித்துவிட்டுப் பழத்தைத் தூக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் ஹாரன் சத்தம் கேட்டது. பஸ்.

முப்பது பேரும் ஓடினார்கள். முதலில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நீலச்சட்டை. என்னைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார். பஸ் கிளம்பிவிட்டது. கடையில் பாக்கி நின்றது நானும் சித்தப்பாவும் பழமும்தான். என்ன ஏது என்று பார்க்க ரோட்டுக்கே வந்துவிட்டேன்.

"ஏனுங்க... இவ்ளோ கூட்டம் இருந்துச்சே?" என்றேன்.

"மழைக்கு ஒதுங்கி நின்னாங்க சாமி. பஸ் இங்கதான் நிக்கும். நான் சொல்ல வந்தனுங்க, நீங்கதான் கேக்கல. அது இன்னும் காயிங்க."

திரும்பிப் பார்த்தால் காருக்குள் ராஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "கும்பலோடு கோவிந்தா" என்று வாயசைக்கிறாள். பின் சீட்டில் பூங்கொடியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். லேப்டாப்பில் எழுதியிருந்ததை எல்லாம் மொத்தமாக அழித்தாள்.

மணி மூணு. மேனேஜர் ஸ்பீக்கர் போனில் வந்துவிட்டார். நான் முன் சீட்டில் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்தேன். முள் தொடையில் குத்துகிறது. அசைந்தால் ராஜி முறைக்கிறாள்.

என்னம்மா, வரி கிடைத்ததா என்றார் மேனேஜர்.

"கெடைச்சிருச்சுங்க சார். அந்த எக்ஸ்சேஞ்சு பஸ் ஸ்டாப்புல இருக்கற பழக்கடைங்க. நிக்கற கூட்டம் பழம் வாங்க நிக்கல. பஸ் வந்தா கடையில ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

மேனேஜர் நிதானமாகக் கேட்டார்.

"சரி... பஸ் எப்போ வந்துச்சு?"

அப்பாடா என்று இருந்தது. அவர் பிடித்துக்கொண்டுவிட்டார்.

போன மாதம் ஒருநாள் கிரிப்டோ விலை எல்லா இடத்திலும் மளமளவென்று சரிந்ததாம். அதுதான் பஸ் என்றாள் பூங்கொடி. பயந்துபோன ஜனங்கள் விற்க ஓடி வந்தார்கள். மற்ற சந்தைகளில் விலை இறங்கினாலும் வாங்க ஆள் இருந்தது. இந்தச் சந்தையில் மட்டும், அதுவரை 'நான் வாங்குகிறேன், நான் வாங்குகிறேன்' என்று வரிசையில் நின்ற பெயர்கள் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போயின. நிஜமாக விற்க வந்தவர் கொஞ்சம் விற்றதற்கே விலை பாதாளத்துக்குப் போனது. இவ்வளவு அமளியிலும், அன்றைய மொத்த வியாபாரம் என்று அந்தச் சந்தை காட்டிய கணக்கு, முந்தின நாள் கணக்கைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆள் ஓடியும் மாறாத கணக்கு என்றால், அது நடந்த வியாபாரம் இல்லை, எழுதிவைத்த வியாபாரம்.

இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டார் மேனேஜர். பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்குங்க என்றாள் அவள். அங்கிருந்து ஒரு சிரிப்புச் சத்தம்.

அந்த வரியை அப்படியே முதல் பக்கத்தில் தூக்கிப் போடச் சொன்னார். ரிப்போர்ட் ஒரு எழுத்து மாறாமல் போகும் என்றார். வேலை நிரந்தரமானதற்குத் திங்கட்கிழமை லெட்டர் வரும் என்றார். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார், கடையில் ஒருத்தரும் இல்லையென்றால் பழம் வாங்குவது யார் என்று.

பூங்கொடி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தரு மட்டும் ஏமாந்து நின்னாருங்க. எழுத்தாளருங்க."

போனை வைத்ததும் அந்தப் பெண் ராஜியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ராஜியும் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. முள் குத்தியதால் என்று சொல்லிக்கொண்டேன். சித்தப்பா விஷயம் தெரிந்து ஓடி வந்து, பழுத்த பழம் ஒன்றை அறுத்து ஆளுக்கு நாலு சுளை கையில் வைத்தார். காசு வேண்டாமென்று சொல்லிவிட்டார். அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் எனக்கு வாய்த்துப் பல வருஷம் ஆயிற்று.

திரும்பும் வழியில் வாய் சும்மா இருக்குமா? பூங்கொடி, என் பத்தியை ஆன்லைனில் எத்தனை ஆயிரம் பேர் திறந்து பார்க்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

"தெறக்கறாங்க சரிங்க சார். எத்தனை நேரம் நிக்கறாங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? ராஜிக்குத் தெரிந்திருந்தது. பக்கத்திலேயே ராசிபலன் இருக்கு கண்ணு, அதை அமுக்கப் போய் விரல் பட்டவங்கதான் பாதிப் பேர் என்றாள். அதற்கப்புறம் வீடு வந்து சேரும் வரைக்கும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

பழத்தைச் சேலத்துக்கே தூக்கி வந்தோம். சித்தப்பா சொன்ன மாதிரி சரியாக நாலாம் நாள் பழுத்தது. அப்படி ஒரு வாசனை! அக்கம்பக்கத்து வீடெல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்து அறுத்துக் கொடுத்தேன், ஒரு சுளை மிச்சமில்லை. எங்கள் தெருவுக்கு பஸ் வராது என்பதையும் ராஜியிடம் சொல்லிக் காட்டினேன்.

போகட்டும்... ராசிபலன் இந்த வாரமும் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அப்படியும் இந்த வரி வரைக்கும் நின்றிருக்கிறீர்கள் என்றால், நீங்கள் பழம் வாங்க வந்தவர்தான்.