உரிக்காத படம்

தனக்கோடியின் தகர டப்பாவில் நாற்பத்தொரு போலராய்டு படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி உண்டு. முதலாவது 1995 ஜூன் 12; கடைசியானது 1998 நவம்பர் 3. நாற்பதில் அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. மிச்சமுள்ள ஒன்றை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

தான் குடியிருந்த நீலசந்திராவிலிருந்து நடந்துபோய் ஒரு போட்டோ ஸ்டூடியோவைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. பெண்கள் மாத இதழ் ஒன்றின் அட்டைப்படங்கள் அங்கேதான் எடுக்கப்பட்டன. அழகிகள் வருமுன் விளக்கைச் சரிபார்க்க தனக்கோடியை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு போலராய்டு எடுத்துப் பார்ப்பார்கள்; பிறகு அது அவளுக்கு. வருகிறவர்கள் எல்லோரும் சிவப்பு, தனக்கோடி கறுப்பு. ஆகவே முகம் தெரியாத அளவுக்குப் பவுடர் அப்பிக்கொள்வாள். தோளில் ஒரு மாதம் காஷ்மீர்ச் சால்வை, ஒரு மாதம் வங்காளத்து மணச்சேலை. பொங்கல் இதழின் தமிழ்ப்பெண்கூட பம்பாயிலிருந்துதான் வந்தாள். அன்றும் தனக்கோடிக்குப் பவுடர் உண்டு.

"பேயாட்டம் இருக்கே, தனக்கோடி," என்பார் போட்டோகிராபர் தியோடர்.

"பேய்க்கு ஒரு டீ சொல்லுங்க சார்."

1998 அக்டோபரில், குடகுச் சேலை கட்ட வேண்டிய பெண் வந்து சேரவில்லை. தியோடர் கடிகாரத்தைப் பார்த்தார். "நீயே குந்து. நெசமாவே எடுக்கறேன்."

அவள் பவுடர் டப்பாவை எடுத்தாள்.

"இன்னிக்கி வேணாம்," என்றார்.

அந்தச் சொல்லை அவள் வீடுவரை சுமந்து போனாள். கணவன் அர்ஜுனனிடமும் ஏழு வயது மகள் மகாவிடமும் சொன்னாள். இரவுக்குள் தெருவே அறிந்தது.

இதழ் வெளிவந்தது. சேலை அவள் கட்டியது. மடியில் கிடந்த கைகளும் அவளுடையவை; வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு அப்படியே இருந்தது, தோல் மட்டும் கோதுமை நிறமாகியிருந்தது. கழுத்துக்கு மேலே வேறொருத்தி சிரித்தாள்.

"கம்ப்யூட்டர்ல மாத்திட்டாங்கம்மா. என்னக் கேக்கல," என்றார் தியோடர், அவள் கண்ணைப் பார்க்காமல்.

வீட்டுக்குப் போனபோது அர்ஜுனன் அட்டையைச் சுவரில் ஒட்டியிருந்தான். எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அச்சு அசல் நீயேதான்க்கா."

"அது நானில்ல."

"பின்ன யாரு? கை உன்னுது, தழும்பு உன்னுது. மூஞ்சி மட்டும் இரவல் வாங்கினியா?"

"வெக்கப்படுது, உடும்மா," என்றான் அர்ஜுனன்.

ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. தனக்கோடி மகாவுக்குச் சோறு போட்டாள். மகா சோற்றை மென்றபடி சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, வீட்டுக்கு வரும்போது மட்டும் அந்த மூஞ்சிய கழட்டிட்டு வர்ற? திங்கக்கெழம ஸ்கூலுக்கு அதோட வா."

திங்கட்கிழமை பள்ளி விடும் நேரத்தில் தனக்கோடி வாசலில் நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். மகா படியில் நின்று, அவளைத் தாண்டி, சாலையில் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். தனக்கோடி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை திரும்பிப் பார்த்தது; பிறகு மறுபடியும் சாலையைப் பார்த்தது.

மறுநாள் ஸ்டூடியோவில் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பவுடர் எங்கே?"

"ஒரே ஒரு தபா இப்பிடியே எடுங்க சார்."

தியோடர் எடுத்தார். ஒரு நிமிடம் கழித்து மேல்தாளை உரித்தால்தான் முகம் தெரியும். அவர் வாட்சைப் பார்த்து எண்ணினார். ஐம்பதைத் தாண்டியதும் அவள் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"உரிக்காதீங்க."

"ஏன், என்னாச்சு?"

"அவ மூஞ்சி வந்துட்டா?"

தியோடர் சிரிக்கத் தொடங்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். படத்தின் பின்னால் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சுவரில் இருந்த அட்டை வெள்ளையடித்தபோது போய்விட்டது. டப்பாவில் உள்ள படத்தின் மூலை தானாகவே சற்றுத் தூக்கியிருக்கிறது. நகம் பட்டால் திறந்துகொள்ளும். கல்லூரிக்குப் போகும் மகா உரித்துக் காட்டச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டாள்.

தனக்கோடி மூடியை அழுத்துகிறாள். "இன்னிக்கி வேணாம்," என்கிறாள்.