சேனை தொட்ட கை

தம்பி பிறந்த அன்று அவன் நாக்கில் சேனை தொட்டு வைத்தது அத்தை. கழுவிய மோதிரத்தைத் தேனில் தோய்த்து ஒரு சொட்டு வைத்தாள். சேனை வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் வீட்டில் அசைக்க முடியாத நம்பிக்கை. அப்பாவின் அக்காவான அவளுக்குக் குணத்தில் ஒரு குறையும் கிடையாது. பஸ்தான் ஆகாது. நாகர்கோவிலில் ஏறினால் வலியசாலையில் எங்கள் வீடு வந்து சேர்வதற்குள் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுப்பாள்.

அதனால் தம்பி குடித்த பாலையெல்லாம் பச்சை பச்சையாகக் கக்கியபோது யாரும் வேறு காரணம் தேடவில்லை.

"அவளுக்க கையில்லா? பின்ன எப்பிடி இருக்கும்!" என்றாள் பெரியம்மா, அடுக்களைக்குக் கேட்கும்படி. அத்தை அங்கே அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள், அது நன்றாக எரிந்துகொண்டிருந்தும்.

பரிகாரமாகச் சித்தப்பா மறுபடி சேனை வைத்தார். அவருக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். கால்தான் ஓரிடத்தில் நிற்காது. எனக்கும் அவர்தான் வைத்தாராம். தம்பி அதையும் அவர் சட்டையிலேயே கக்கினான். கன்னம் ஒட்டிப்போய், அழக்கூட முடியாமல் கிடந்தவனை அப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அறுவை அறைக்கு வெளியே என்னால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் போவதும் வருவதுமாக இருந்தேன். சித்தப்பாவும் அப்படித்தான், இருவரும் முட்டிக்கொண்டோம். தம்பி செத்துப்போவானா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கப் பயம்.

ஒருவழியாக டாக்டர் வெளியே வந்தார். குழந்தையின் கணையம் சிறுகுடலைச் சுற்றி வளையமாக வளர்ந்து இறுக்கியிருக்கிறதாம். அதைத் தொடாமல், குடலில் வேறு வழி திறந்துவிட்டாராம். பிழைத்துக்கொள்வான் என்றார்.

அத்தை முன்னே வந்தாள். "டாக்டரே, அப்பம் இது பொறக்கதுக்கு முந்தியே உள்ளதா?"

"பின்னே? கர்ப்பத்திலேயே உண்டானதாக்கும்."

"ஒருக்கா சத்தமாச் சொல்லுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார். அத்தை தன் வலது கையை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பெரியம்மா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா பக்கம் திரும்பினாள். "பிள்ள வயித்துல இருக்கச்சில நீ என்னத்தட்டீ தின்ன?"

அம்மாவும் அழுதாள். தம்பி பிழைத்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் வராந்தாவின் கோடிவரை ஓடிவிட்டு வந்தேன்.