மண்ணில் புதைக்கக் கூடாத செடி

அந்தக் கல்லை அக்கா என் கையில் வைத்தபோது அது ஈரமாக இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் கருங்கல். அதன் முதுகில் ஒரு செடி. கல்லையும் செடியையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைப் பருத்தி நூல் ஆறு சுற்று. “நூலு ரெண்டு மூணு மாசத்துல மக்கிப் போயிரும். அதுக்குள்ள வேரு கல்லப் புடிச்சிக்கிரும். பயப்படாதே” என்றாள். அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. கூடப் பிறந்தவள் இல்லை. கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்காக அவ்வளவு செய்ததும் இல்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. கீழே நூல் கடை, மேலே வீடு. மாடிப்படி நேராகக் கடைக்குள்தான் இறங்கும். கடைசிப் படிக்கு எதிரில் மாமா, அதாவது எங்கள் மாமனார், நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கால் தரையில் படும் முன்பே கேள்வி வரும்: “எங்கத்தா?” கோபமாகக் கேட்கமாட்டார். கோபமாகக் கேட்டால்கூடச் சண்டை போடலாம். அன்பாகக் கேட்பார். நாம் சொல்லும் காரணத்தைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “பாப்போம்” என்பார். அந்த வீட்டில் பாப்போம் என்றால் கிடையாது என்று அர்த்தம். பி.எட். முடித்துவிட்டு அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன நான், வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டு முதல் வருடத்திலேயே நான்கு பாப்போம் வாங்கினேன். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே மாமியார் கொடுமை என்று சொல்லிக்கொள்ளும் வசதியும் எனக்கு இல்லை. “பெரியவ இருக்கலையா?” என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட கடைசிப் பதில். அதனாலேயே அக்கா மேல் எனக்கு உள்ளூர எரிச்சல். இவள் இப்படி அடங்கிக் கிடந்ததால்தானே நானும் கிடக்க வேண்டியிருக்கிறது என்று நினைப்பேன்.

கூடத்தில் மீன்தொட்டி வைத்தது வாஸ்து பார்க்க வந்தவர் பேச்சைக் கேட்டு. எட்டுத் தங்க மீன், ஒரு கறுப்பு மீன். முதலில் பிளாஸ்டிக் செடிதான் நட்டிருந்தது. அடுத்த தடவை வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, உயிரில்லாத பச்சை வியாபாரத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டி அக்கா பொறுப்புக்கு வந்தது. அவள் நரிக்குடிப் பக்கம் கண்மாய்க்கரை ஊரில் வளர்ந்தவள். தண்ணீருக்குள் முளைப்பதெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் வெள்ளைப்படலம் கட்டும் உப்புத் தண்ணீர். குழாயில் வருவதில் மருந்து வாடை. அவள் இரண்டையும் பாதிப் பாதி கலந்து, இரண்டு நாள் வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்துத்தான் தொட்டியில் ஊற்றுவாள். சிவப்பு இலைச் செடிகள் பார்க்க அழகு, இந்தத் தண்ணீருக்கு ஒத்துவராது என்பாள். கண்மாயில் கிடக்கும் வேலம்பாசியைப் போட்டால் தங்க மீன்கள் இரண்டே நாளில் மேய்ந்துவிடும். கெட்டி இலையும் கசப்பும் உள்ள அனுபியாஸ்தான் இதற்குச் சரி என்று, மதுரையில் மீன்செடி விற்கும் கடைக்காரரோடு தன் கணவரின் போனில் பேசிப் பேசி முடிவு செய்தாள். அனுபியாஸுக்கு இஞ்சிபோல ஒரு தண்டு படுத்திருக்கும். மேலே இலை, கீழே வேர். மெல்ல வளரும், ஆனால் எதையும் தாங்கும்.

அப்படிப்பட்ட செடி எங்கள் வீட்டில் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. இலை மஞ்சளாகும், தண்டு கொழகொழவென்று அழுகும், ஒருநாள் மேலே மிதக்கும். வாரத்துக்கு ஒன்றாவது இப்படிப் போகும். மாமா முகம் வாடிவிடும். உடனே மதுரைக்குப் போன் போகும். கடைக்காரர் பாலிதீன் பையில் தண்ணீரோடு செடியைக் கட்டி வியாழக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுவார். மூன்று மணிக்கு பஸ் நிலையத்தில் கண்டக்டரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கடை ஆட்களுக்கு லோடு இறக்கும் வேலை. “பை வெயில்ல கெடந்தா செடி வெந்துரும் மாமா. சின்னவளப் போகச் சொல்லுங்க. அவளுக்குத்தான் இங்கிலீசுல செடிப் பேரு வாசிக்கத் தெரியும். மாத்திக் குடுத்துட்டாகன்னா நமக்கு என்ன தெரியும்?” என்று அக்கா சொன்னாள். மாமா பாப்போம் என்று சொல்லாமல் யோசித்தது அதுதான் முதல் தடவை. வியாபாரத்துக்கு ஆகாது என்ற சொல் அவரை அந்த அளவுக்கு ஆட்டி வைத்திருந்தது.

முதல் வியாழக்கிழமை நான் பஸ் நிலையத்தில் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு ரோஸ் மில்க் குடித்துக்கொண்டு, மதுரைக்கும் விருதுநகருக்கும் போகிற பஸ்களை ஏறாமல் பார்த்தேன். பிறகு பக்கத்துத் தெருவில் ஆசிரியர் தேர்வுக்குப் பயிற்சி தரும் இடத்தைக் கண்டுபிடித்துச் சேர்ந்தேன். மூன்று மணி பஸ்ஸுக்கு ஒரு மணிக்கே கிளம்புவேன். பஸ் முன்னால் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அக்காதான் மாமாவிடம் கேட்டு வைத்தாள். திரும்பி வர ஐந்து மணியானால், “பஸ்ஸு லேட்டாமே மாமா” என்று நான் வாய் திறக்கும் முன்பே மேலே இருந்து அக்கா குரல் வரும். அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அப்பாவி என்றுதான் நினைத்தேன்.

இதில் அக்காவுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கடையில் காலையில் மூத்த மருமகள் இறங்கி வந்து சாமி படத்துக்கு விளக்கேற்றிய பிறகுதான் முதல் வியாபாரம். அவள் விளக்கேற்றிவிட்டு வாசல்வரை வந்து, தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போவாள். ஒரு நாளில் அவள் வெளிக்காற்றைக் கண்டது அவ்வளவுதான். செடிகள் செத்துக்கொண்டே இருந்ததும் மாமா ஒருநாள் சாப்பிடும்போது, “பெரியவ கை பட்டா பச்சை நிக்கமாட்டேங்குது. நாளையிலருந்து சின்னவ வெளக்கேத்தட்டும்” என்றார். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். “சரி மாமா” என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் காலையில் நான் இறங்கிப்போய் விளக்கேற்றிவிட்டு, வாசலில் அவளைவிடக் கூடுதல் நேரம் நின்றேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, செடி அழுகி மிதந்த ஒரு மத்தியானம், நானே மதுரைக் கடைக்காரருக்குப் போன் போட்டு, அழுகல் செடியாகப் பார்த்து எங்கள் தலையில் கட்டுகிறீர்களா என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். “எங்க செடியில கொறையில்லம்மா. தண்ட மண்ணுக்குள்ள பொதைச்சிருப்பீக. பொதைச்சா அழுகத்தான் செய்யும். கல்லுல வச்சுக் கட்டணும். அந்தப் பெரியக்காவுக்கு இது நல்லாத் தெரியுமே. பருத்தி நூல்ல கட்டுனா நூலு தானா மக்கிரும்னு எனக்கே யோசன சொன்னவுக அவுகதானே.”

போனை வைத்துவிட்டு, தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். மீதியிருந்த இரண்டு செடிகளின் தண்டுகளும் கட்டைவிரல் ஆழத்துக்கு மண்ணுக்குள் அழுத்தப்பட்டிருந்தன. மேலே மண்ணைத் தட்டிச் சமப்படுத்தியும் இருந்தது. நிமிர்ந்தால் அக்கா சமையலறை நிலைப்படியில் நிற்கிறாள். என் கையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். “கையத் தொடைச்சுக்க. வியாழக்கெழமை பஸ்ஸு மூணு மணிக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல், அந்த வீட்டில் இருந்தவரை, நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எல்லாம் தெரிந்த பிறகும் அந்த வியாழக்கிழமை நான் போனேன். அடுத்ததற்கும் போனேன். வேண்டாம் அக்கா என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

தேர்வில் தேறினேன். திருச்சுழியில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு கிளைக் கடை போட வேண்டும் என்று மாமாவுக்கு வெகுநாள் ஆசை. அதைப் பிடித்துக்கொண்டு நானும் கணவரும் கிளம்பிவிட்டோம். “கடை இருக்கிற வீட்டுல பச்சை நிக்கணும்த்தா” என்று மாமா ஒரு சின்னத் தொட்டி வாங்கிக் கொடுத்தார். அக்கா கல்லைக் கொடுத்தாள். அவள் முறையாகக் கட்டி நான் பார்த்த முதல் செடி அது.

போன மாதம் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். கூடத்துத் தொட்டியில் மீன் தெரியவில்லை, அவ்வளவு பச்சை. கல் கல்லாக அனுபியாஸ் படர்ந்து, வெள்ளைப் பூக்கூட விட்டிருக்கிறது. “பெரியவ கை இப்பத்தான் ராசியாச்சு” என்று மாமா வருகிறவர்களையெல்லாம் மேலே கூட்டிவந்து காட்டுகிறார். விளக்கை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. சாமி படத்துக்கு இப்போது மின் விளக்கு. கீழே இருந்தே சுவிட்சைப் போட்டுக்கொள்கிறார். அக்காவோடு தனியாக இருந்தபோது, “ஒரு செடியச் சாக விடுங்களேன் அக்கா. நீங்க ஒருக்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வாங்களேன்” என்றேன். அவள் ஒரு பழுத்த இலையை நகத்தால் கிள்ளி எடுத்தபடி சொன்னாள். “இப்பல்லாம் போன்ல ஆர்டர் போட்டா செடி கடைக்கே வந்துருது. சாகடிச்சு என்ன செய்ய?”

திருச்சுழிக்குத் திரும்பி வந்ததும் என் தொட்டியிலிருந்து அக்கா கொடுத்த கல்லை வெளியே எடுத்தேன். நூல் மக்கிப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வேர் கல்லை அப்படிப் பிடித்திருந்தது. கத்தியால் கீறித்தான் பிரிக்க முடிந்தது. தண்டை மண்ணுக்குள் கட்டைவிரல் ஆழத்துக்கு அழுத்தி, மேலே தட்டிச் சமப்படுத்தினேன். மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளானதும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாமா, இங்கே பச்சை நிக்கமாட்டேங்குது, இது அக்கா கட்டுன செடி, அவுக வந்து பத்து நாள் இருந்து பாத்தாத்தான் சரியாகும் என்று எழுதினேன்.

மாமாவின் பதில் வந்தது: “பாப்போம்.” சிறிது நேரத்தில் அதற்குக் கீழே, அக்காவின் கணவர் எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது: “கையத் தொடைச்சுக்க.”

நான் துடைக்கவில்லை. பிறகு நானே வாங்கிக் கல்லில் கட்டிய இன்னொரு செடி தொட்டியில் நன்றாகத்தான் இருந்தது. அதையும் எடுத்துப் புதைத்தேன்.