வேகாத பொம்மை

சிவாஜிநகரில் ஒரு பேக்கரியில் நான் பட்டி பார்த்தேன். பட்டி என்றால் ரொட்டி சுடுகிற பெரிய செங்கல் அடுப்பு. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. முதலாளி ஒரு பாய். மாவு பிசைய வேறு ஆட்கள். என் வேலை நெருப்பு. விறகு போட்டு எரிப்பேன். கல் வெளுத்ததும் தணலை வாரி வெளியே தள்ளுவேன். ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பேன். பிறகு நீள மரத் துடுப்பில் தட்டை வைத்து உள்ளே விடுவேன். ஒரு பிடி மாவை உள்ளே எறிந்தால், அது கருகுகிற வேகத்தில் சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன்.

அந்தக் காலத்தில் வீட்டில் பட்டி கிடையாது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் வேதக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். நான் வேதக்காரன் இல்லை. ஆனால் அவர்கள் பண்டிகையெல்லாம் எனக்கு வாசனையில் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் பெரிய சனிக்கிழமை. அன்றைக்கு முட்டைப் பொம்மை வரும். இனிப்பு மாவில் செய்த பொம்மை. வயிற்றில் ஒரு முழு முட்டை, ஓட்டோடு. அதன்மேல் இரண்டு கையும் குறுக்கே கட்டியிருக்கும். கண்ணுக்குக் கிராம்பு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பொம்மை. பிள்ளைகள்தான் செய்ய வேண்டும்.

அந்த வருஷம் மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு ஒருத்தி வந்தாள். மூன்று பிள்ளைகள் கூட. பெரியது பெண், நடுவில் பையன், சின்னது இடுப்பில். ஒரு டப்பாவில் மாவு, பையில் முட்டை.

"அண்ணா, இங்கயே ஸ்வல்ப இடம் குடுங்க. வீட்டுல பிசைய விடல."

எனக்குப் புரிந்தது. அவளைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் அவள் வீட்டுக்காரர் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. சைக்கிள் அல்சூர் ஏரிக்கரையில் ஸ்டாண்டு போட்டு நின்றது. ஏரியில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆள் செத்துப்போய்விட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "சைக்கிளப் பூட்டிட்டுப் போயிருக்காரு. சாகப் போறவன் பூட்டுவானா?" என்று கேட்பாளாம்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் செய்ய மாட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இதில் ஒன்றுதான். வீடு அவள் வீட்டுக்காரரின் அண்ணனுடையது. அண்ணன் மாவு பிசையக் கூடாது என்றார். இவள் பிசைந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பிசையாவிட்டால் இல்லை என்று அர்த்தம். ஈஸ்டர் முடிந்ததும் செத்தவர்களுக்கு வைக்கிற பூசையை வைத்து, இவளுக்கு வெள்ளைச் சேலை கட்டிவிடுவது என்று அண்ணன் முடிவு பண்ணியிருந்தார்.

பாயைப் பார்த்தேன்.

"அரே, பசங்கதானே. மேசைய காலி பண்ணிக் குடு" என்றார்.

பிசைந்தார்கள். பெரியவள் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தாள். "முட்டைதான்டா கல்லறை. உள்ள உசுரு இருக்கு. கை ரெண்டும் அத இறுக்கிப் புடிச்சிக்கணும். வுட்டா ஓடிடும்."

"உன் பொம்மைக்கு இன்னாடி இவ்ளோ பெரிய தலை?"

"மூளை இருக்குதுல்ல. உனக்கு சின்னதாவே போதும்."

தாய் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தட்டு வாங்கிப்போக நின்ற ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, ஆளு நாலுதானே? பொம்மை அஞ்சா இருக்குது?"

"அஞ்சுதான். எண்ணத் தெரியுதுல்ல, வாயை மூடிக்கினு போ" என்றாள் தாய்.

ஐந்தாவது பொம்மைக்குக் கண் வைத்தது சின்னது. அப்பன் போனபோது அது கைக்குழந்தை. முகம் தெரியாது. இரண்டு கிராம்பையும் அழுத்திக் குத்தி உள்ளே இறக்கிவிட்டது. கண் இருந்த இடத்தில் குழிதான் தெரிந்தது. தாய் எடுத்துத் திரும்ப வைக்கப் போனாள். சின்னது அழுதது. விட்டுவிட்டாள்.

ஐந்தும் ஒரே மாவு. ஒரே தட்டு. நானே உள்ளே விட்டேன். நேரம் பார்த்து நானே எடுத்தேன்.

நாலு பொம்மை சிவந்து பளபளவென்று இருந்தது. நடுவில் இருந்தது வெள்ளையாகவே இருந்தது. உப்பவில்லை. விரலால் தொட்டேன். ஒட்டியது. அது பரவாயில்லை, மாவு வேகாமல் போவது உண்டு. ஆனால் அது சில்லென்று இருந்தது. தட்டில் கை வைக்க முடியாத சூடு. அது மட்டும் சில்லென்று.

அதை மட்டும் துடுப்பில் வைத்துத் திரும்ப உள்ளே விட்டேன். நல்ல சூடு இருக்கிற பின்மூலையில். எடுத்தேன். அப்படியே இருந்தது.

பையன் அதன் முட்டையை எடுத்து ஆட்டிப் பார்த்தான். காதில் வைத்தான்.

"அம்மா, உள்ள தண்ணி சத்தம்."

வேகாத முட்டையை ஆட்டினால் சத்தம் வரத்தான் வரும். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரம் எல்லோருக்கும் ஏரி ஞாபகம்தான் வந்தது. பாய் எழுந்து போய்ச் சாம்பிராணி போட்டார்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன்காரர் வந்தார். தட்டைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். சத்தம் போடவில்லை.

"பட்டியில ஏதாவது கோளாறா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். வேறு என்ன சொல்ல.

"பாத்தியாம்மா. ஆளு இருந்தாத்தானே வேகும். போனவன் போயிட்டான். புள்ளைங்களக் கூட்டிக்கினு வா."

புருஷனின் அண்ணனிடம் பெண்கள் நேராகப் பேச மாட்டார்கள். அவள் பெரியவள் பக்கம் திரும்பினாள்.

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லு. வேகலன்னா இன்னும் முடியலன்னு அர்த்தம். முடியாததுக்கு எந்தப் பூசையும் வேணாம்."

பெண் பெரியப்பாவைப் பார்த்தது. சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவர் தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

அவர் பூசை வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் போகவில்லை. கலர் சேலையும் வளையலுமாகவே தெருவில் நடந்தாள். பின்னால் பேசினார்கள். முன்னால் யாரும் பேசவில்லை.

அடுத்த வருஷமும் வந்தாள். அதே மேசை, ஐந்து பொம்மை. நாலு வெந்தது, ஒன்று வேகவில்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். நடுவில் வைத்தேன். ஓரத்தில் வைத்தேன். ஒரு தடவை எல்லாத் தட்டையும் எடுத்துவிட்டு அதை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். கதவுக்கு முன்னால் நின்றேன். வெறும் பட்டியில் கல் வெடிக்கிற மாதிரி டிக் டிக்கென்று சத்தம் வரும். அன்று அதுகூட இல்லை. திறந்து பார்த்தால் வெள்ளையாகப் படுத்திருந்தது. கையைக் கட்டிக்கொண்டு.

வேறு பேக்கரியில் பட்டி பார்க்கிறவனிடம் கேட்டேன். "மாவுல தண்ணி ஜாஸ்தியா இருக்கும்" என்றான். ஒரே மாவு என்றேன். "அப்போ குடிச்சிட்டு வேலை செய்யாத" என்றான். நான் குடிக்கிறதில்லை.

சனங்கள் தட்டு கொடுக்கும்போது, "எங்க தட்ட அந்தப் பொம்மைகூட வெக்காத" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதனால் அவளுடையதைக் கடைசியில் வைப்பேன். அவள் காத்திருப்பாள். வேகாததைத் துணியில் சுற்றிக்கொண்டு போவாள். அதை என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை.

வருஷங்கள் போயின. பெரியவள் தாவணி போட்டாள். பையனுக்கு மீசை அரும்பியது. சின்னவள் பள்ளிக்கூடம் போனாள். அப்பன் பொம்மையைச் செய்வது எப்போதும் அவள்தான். முகம் பார்க்காத அப்பனுக்கு வருஷா வருஷம் முகம் செய்தாள். கண்ணை எப்போதும் உள்ளே அழுத்திவிடுவாள். ஒரு வருஷம் மட்டும் அழுத்தவில்லை. கிராம்பை மேலே, நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்தாள்.

"இன்னைக்கு இன்னா, கண்ணு தொறந்திருக்குது?" என்று கேட்டேன்.

"தெரியல மாமா. அப்படி வெக்கணும்னு தோணுச்சு."

உள்ளே விட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. நாலு பொம்மை வாசனைக்கும் ஐந்து பொம்மை வாசனைக்கும் வித்தியாசம் உண்டா என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எடுப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எடுத்தேன். ஐந்தும் சிவந்திருந்தது. நடுவில் இருந்தது எல்லாவற்றையும்விட நன்றாக உப்பி இருந்தது.

பையன் குதித்தான். மீசை வந்த பையன். "வெந்துடுச்சு! அம்மா, அப்பா வந்துடுவாரு! பாரேன், வந்துடுவாரு!"

சின்னவள் கை தட்டினாள். பாய்கூட "அல்லா" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

தாய் மட்டும் வரவில்லை. மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். தூரத்தில் இருந்தே தட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா?" என்றாள் பெரியவள்.

"முடிஞ்சிடுச்சு" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற? வெந்திருக்குதும்மா."

"ஆமா. வெந்திருக்குது. முடிஞ்சிடுச்சு."

யாரும் வந்து சேதி சொல்லவில்லை. ஏரியில் எதுவும் கிடைக்கவில்லை. எந்தத் தகவலும் இல்லை. பட்டியிலிருந்து ஒரு ரொட்டி வந்தது, அவ்வளவுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால், பக்கத்து அறையில் இருந்து ஆள் வந்து காதில் சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. பட்டியின் வாய்தான் திறந்து கிடந்தது.

அவள் வளையல்களைக் கழற்றினாள். உடைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெரியவள் கையில் போட்டாள். அந்தப் பெண் விம்மியது. தாய் பையனிடம் சொன்னாள், "பெரியப்பாகிட்ட போ. இன்னொரு பூசைக்குச் சொல்லச் சொல்லு. நான் வரேன்னு சொல்லு."

பையன் நகரவில்லை. "வெந்தா வருவாருன்னு நீதானே சொன்ன?"

"நான் எப்பவும் அப்படிச் சொல்லலடா. முடியலன்னுதான் சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். அவன் போனான்.

அவள் எழுந்து வந்து அந்தப் பொம்மையைக் கையில் எடுத்தாள். சூடாக இருந்தது. கை மாற்றி மாற்றிப் பிடித்தாள். பிய்த்தாள். ஆவி வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். பாய்க்குக் கொடுத்தாள். எனக்கும் நீட்டினாள். எனக்குத் தின்ன மனசில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. வாயில் போட்டேன். நன்றாக வெந்திருந்தது.

முட்டை மிச்சம் இருந்தது. சின்னவள் அதை உரித்தாள். கெட்டியாக வெந்த முட்டை. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடு" என்றாள் தாய்.

வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். முழுசையும் அவளே தின்றாள்.