கூலிங் டவருக்கு ஆயுத பூஜை

பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த பிளாஸ்டிக் கம்பெனியின் மொட்டை மாடியில் இரண்டு கூலிங் டவர்கள் இருந்தன. மெஷின்களைச் சுற்றிவந்து சூடேறிய தண்ணீரை மழைபோல் கொட்டவைத்து, ஃபேன் காற்றில் ஆறவைக்கும் பெரிய தொட்டிகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள இரண்டே பேர்: நானும் அண்ணனும். கூடப் பிறந்தவரல்ல; காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் சீனியர் ஆபரேட்டர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். ஆனாலும் ஆயுத பூஜைக்கு மெஷின் கழுவுவதில் எங்கள் யாரையும் முந்தவிடமாட்டார்.

அந்த ஆண்டு இரண்டாவது டவர் ஒரு மாதமாக ஓடாமல் கிடந்தது. அடியில் வெதுவெதுப்பான தண்ணீர். சுவரெல்லாம் பச்சையாக வழுவழுப்பு.

"இதுக்குப் பொட்டு வெச்சா சாமியே ஓடிப்பூடும். ஜெட்டை எடுடா" என்றார் அண்ணன்.

உள்ளே இறங்கி, பிரஷர் ஜெட்டால் அவர் தண்ணீரைப் பீய்ச்ச, நான் வெளியே நின்று குழாயைப் பிடித்தேன். சீக்கிரம் காயட்டுமே என்று என் மேலான மூளை ஃபேனையும் போட்டது. மாடி முழுக்கப் பனிமூட்டம். "அண்ணே, டிக்கெட் இல்லாம ஊட்டி!" என்று ஆடினேன். அவர் சிரித்துக்கொண்டே ஆழமாக மூச்சிழுத்தார். பிறகு இருவருமாக டவருக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பொரி தின்றுவிட்டு வீடு போனோம்.

ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல், வறட்டு இருமல். ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நிமோனியா என்றார்கள். கேட்ட நிமிடத்திலிருந்து எனக்கும் மூச்சு முட்டியது. அவரோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவனாயிற்றே! ஒரே நாளில் பதினேழு முறை தெர்மாமீட்டர் வைத்தேன். பதினெட்டாம் முறை சூடான காபி குடித்த வாயில் வைத்துவிட்டு, மனைவியிடம் இன்ஷூரன்ஸ் காகிதம் இருக்கும் இடத்தைச் சொன்னேன்.

"ஏங்க, அந்த அண்ணனைப் போய்ப் பாக்கமாட்டீங்களா?"

"ஒட்டிக்கும்டி."

"எது, காபிச் சூடா?"

ஒன்பதாம் நாள் அண்ணன் மனைவி போன் செய்தார். "எந்த ஊசிக்கும் காய்ச்சல் கேக்கலப்பா. நர்ஸைப் பாத்து கம்ப்ரெஸர் பிரஷர் எவ்ளோன்னு கேக்கறார். வேலையில தண்ணில என்னா பண்ணாருன்னு டாக்டர் என்னைக் கேட்டா எனக்கு இன்னா தெரியும்? நீதானே கூட இருந்த!"

நான்தான் கூட இருந்தேன். வேறு யாருக்கும் தெரியாது. அந்த ஒரு தகவலைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று நாளாக வீட்டில் மிளகு ரசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

பைக்கை எடுத்தேன். மூன்று கர்சீப்பை ஒன்றன்மேல் ஒன்றாக மூக்கில் கட்டிக்கொண்டு டாக்டர் முன் நின்றேன். கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார்.

"ஏன் சுவாமி, பேங்க்ல கொள்ளையடிக்கவா?"

மூச்சு விடாமல் டவர், பச்சை, ஜெட், ஃபேன் எல்லாம் ஒப்பித்தேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. உடனே நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மாற்றி எழுதினார். சிறுநீரை டெஸ்டுக்கு அனுப்பச் சொன்னார். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"கர்சீப்பை அவிழுங்க. இது ஆள்கிட்டேயிருந்து ஆளுக்கு வர்றதில்லை. தண்ணி பனியா பறக்கும்போது மூச்சோட உள்ளே போற கிருமி. உங்களுக்கு இத்தனை நாள் வரலைன்னா பெரும்பாலும் தப்பிச்சீங்க. காய்ச்சல் வந்தா ஓடி வாங்க. அவர் பீடி குடிப்பார் இல்லையா?"

குடிப்பார். தொட்டிக்குள்ளும் அவர்தான் நின்றார். தலையாட்டினேன்.

பிறகு அவர் சொன்னதை இன்றுவரை என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் அமீபாக்கள் கிருமிகளைத் தின்று வாழ்கின்றன. இந்தக் கிருமியையும் விழுங்குகின்றன. ஆனால் இது செரிப்பதில்லை. விழுங்கியவன் வயிற்றையே வீடாக்கி, உள்ளேயே பெருகி, வீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நம் நுரையீரலிலும் கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் போனாலும் இதற்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதே வேலையைச் செய்கிறது.

"முதல்ல போட்ட மருந்து செல்லுக்கு வெளியே நிக்கும். இதுக்கு உள்ளே போற மருந்து வேணும். அதுக்குத்தான் தண்ணியைப் பத்திக் கேட்டேன்."

அண்ணனின் நெஞ்சுக்குள் காவல்காரனின் வயிற்றில் காவல்காரனையே தின்றுகொண்டிருந்தது அது. எங்கள் தொட்டியில் ஒரு துளிக்குள் எத்தனை வீடுகள் இருந்தனவோ! உடம்பு சிலிர்த்தது. பயத்தால் அல்ல, பயப்பட எனக்கு நேரம் கொடுக்காத அளவுக்கு அது பெரிதாக இருந்தது. இவ்வளவு பெரியதை இவ்வளவு சின்னதுக்குள் யார் வைத்தது? வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு ஜோக்கும் தோன்றவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டு, இரண்டு டவரையும் நிறுத்தி, மருந்து போட்டுச் சுத்தம் செய்யும்வரை யாரையும் மாடிக்கு விடாதீர்கள் என்றேன். டெஸ்டும் டாக்டர் சொன்னதையே சொன்னது.

மருந்து மாற்றிய மூன்றாம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கி, புத்தி தெளிந்தது. என்னைப் பார்த்தார்.

"இத்தினி நாளா ஏன்டா வரல?"

"பயந்துட்டேண்ணே."

"தெரியும். ஒக்காரு."

பேசியதே அவருக்குக் களைப்பு, கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். போர்வை மெல்ல ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நர்ஸ் வந்து போகச் சொல்லும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.