பின்னால் பன்னிரண்டு கிலோ

இனிமேல் பிள்ளைக்கு முயற்சி செய்ய வேண்டாம் என்று டாக்டர் சொன்ன வருடத்தில்தான் சாமுவேல் அந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்தான். தங்கா பத்து என்ற அவர்கள் ஊரில் வீட்டு வாசலில் நிறுத்தி, "இனி நமக்குப் பின் சீட்டு எதுக்கு?" என்றான். மனைவி பிரிஜிட் உள்ளே போய் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

கார் வந்தபிறகு வீட்டில் பேச்சு வந்தது. அவன் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அவள் அலோர் காஜாவில் அரசாங்க ஆபீசில் கிராணி, எழுத்தர் வேலை. சனிக்கிழமைகளில் ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள், சேர்ந்து காரைக் கழுவினார்கள். சாமுவேல் அதில் உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கும் ஸ்பிரிங், அப்சார்பர் செட் ஒன்றைப் போட்டு, ரோட்டோடு ரோடாக இறக்கிவிட்டான். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அவனுடைய கூட்டாளிகள் மாதத்துக்கொரு முறை பெரிய கார் பார்க் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஜிம்கானா நடத்துவார்கள். பிளாஸ்டிக் கோன்களை அடுக்கி வைத்து, அவற்றைத் தட்டாமல் வளைந்து வளைந்து யார் சீக்கிரம் ஓட்டி முடிக்கிறார்கள் என்று பார்ப்பது. சாமுவேல் அதில் நடுவாந்தரம். ஒருநாள் பெண்களுக்கு என்று ஒரு சுற்று வைத்தார்கள். "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வா," என்று அவனேதான் சாவியைக் கொடுத்தான்.

பிரிஜிட் தினமும் பழைய மைவி காரில் அலோர் காஜாவுக்குப் போய் வருகிறவள். அதைத் தவிர அவளுக்கு ஓட்டுவதில் ஒரு பயிற்சியும் கிடையாது. ஆனால் அன்றைக்கு இரண்டாவது கோனைத் திரும்பும்போதே, கார் எங்கே சாயும், எங்கே மறுபடி நிமிரும் என்று அவள் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது. சாமுவேலைவிட வேகமாக முடித்தாள். அன்றைக்கு வந்திருந்த ஆண்களில் பாதிப்பேரைவிட வேகம்.

"சாம், ஒன் வைஃப் ஒன்ன தூக்கிச் சாப்பிட்டாங்க லா!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சாமுவேலும் சிரித்தான். பிரிஜிட்டுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அப்படி அவள் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது.

வீடு திரும்பும் வழியில் அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். அடுத்த மாதமும் அவளே அவனைவிட வேகமாக ஓட்டினாள்.

காரில் ஒரு கோளாறு இருந்தது உண்மை. அவ்வளவு தாழ்த்தியபிறகு, அந்த ஸ்பிரிங் அமுங்குவதற்கு இடமில்லை. வேகத்தடையில் ஏறினால் அடியில் 'டம்' என்று இடிக்கும், டயர் மட்கார்டில் உரசும். கெட்டி ஸ்பிரிங் மாற்ற வேண்டும் என்று இருவரும் பாயா ரும்புட்டில் மெக்கானிக் நிவேந்திரன் பட்டறைக்குப் போனார்கள்.

"முன்னாலதான் ரொம்ப அமுங்குது, நிவேன்," என்றாள் பிரிஜிட். "பிரேக் பிடிச்சா மூக்கு குத்துது. பின்னால நல்லா ரோட்டப் பிடிச்சிக்கிட்டு வருது."

"அண்ணி சொல்றது சரிண்ணே," என்றான் நிவேந்திரன். "இப்ப முன்னால ஆறு கிலோ ஸ்பிரிங், பின்னால நாலு. முன்னால எட்டு, பின்னால அஞ்சு போட்டா போதும்." ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ பாரம் வேண்டுமோ, அதுதான் அந்தக் கணக்கு. கிலோ ஏற ஏற ஸ்பிரிங் விறைக்கும்.

சாமுவேல் சுவரில் தொங்கிய டயர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "பின்னால பன்னெண்டு போடு," என்றான்.

"பன்னெண்டா? அண்ணே, கார் வால் ரோட்டுல நிக்காது. இந்த அப்சார்பரும் அதத் தாங்காது. குதிக்கும்."

"சாம், எதுக்கு அவ்வளவு? நிவேன் சொல்றதக் கேளுங்க..." என்றாள் பிரிஜிட்.

"கார் யாரு பேர்ல இருக்கு?"

நிவேந்திரன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பிரிஜிட்டை ஒரு பார்வை பார்த்தான். மறுவாரம் சாமுவேல் சொன்னதையே மாட்டிக் கொடுத்தான்.

அடுத்த ஜிம்கானாவில், மணிக்கட்டு வலிக்கிறது, தான் ஓட்டவில்லை என்றான் சாமுவேல். "நீ போ. நீதானே சேம்பியன்."

முதல் வளைவிலேயே அவளுக்கு அது வேறு காராகத் தெரிந்தது. முன்பு அவளிடம் சொல்லிவிட்டுத்தான் நழுவும். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. தார் ஒட்டுப்போட்ட ஒரு மேட்டில் பின்சக்கரங்கள் துள்ளின. பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. கார் இரண்டு சுற்று சுழன்று, ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் போய் மோதி நின்றது. பம்பர் பெயர்ந்து தொங்கியது.

மற்றவர்கள் ஓடிவந்தார்கள். சாமுவேல் நடந்து வந்தான்.

"பழைய ஸ்பிரிங்தான் ஒன்னக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு போல," என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிரிஜிட் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் அவன் முகத்தையே பார்த்தாள். அதில் கோபமில்லை, பயமுமில்லை. பல மாதம் தூக்கமில்லாமல் கிடந்தவன் நன்றாகத் தூங்கி எழுந்தால் எப்படி இருப்பான், அந்த மாதிரி தெளிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"என்னாத்த செஞ்சேன்? ஸ்பிரிங் மாத்துனேன்."

"நான் செத்திருந்தா?"

"கார் பார்க்ல யாரு சாவா?" என்றவன், கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சப்ப நீயும்தான் சிரிச்ச," என்றான்.

சந்தோஷத்தில் சிரித்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னாலும் அவன் நம்பப்போவதில்லை என்று தெரிந்தது. அதைவிட, அதை அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அதற்குப்பிறகு அவள் அந்தக் காரை ஓட்டவில்லை. சாமுவேல் ஒரே ஒருமுறை தனியாக ஜிம்கானாவுக்குப் போனான். சீக்கிரமே திரும்பிவந்தான். எப்படி ஓடியது என்று அவள் கேட்கவில்லை. நிவேந்திரன் போன் செய்து, அஞ்சு கிலோ ஸ்பிரிங் ஒரு ஜோடி இருக்கிறது, ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம் என்றான். அவள் அதைச் சாமுவேலிடம் சொன்னாள்.

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு," என்றான். அப்போது அவன் முதுகில் இரண்டு வலிப் பிளாஸ்டர்கள் ஒட்டியிருந்தன.

இப்போதும் ஞாயிறு பூசைக்கு அந்தக் காரில்தான் போகிறார்கள். ரோட்டில் ஒரு சின்ன ஒட்டு வந்தாலும் இருவருக்கும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இடித்துக்கொள்ளும். அவள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொள்வாள். அவன் ஸ்டீரிங்கை இறுக்குவான். மெதுவாகப் போங்க என்று அவளும் சொல்வதில்லை, வலிக்குதா என்று அவனும் கேட்பதில்லை.

போன மாதம், ஜிம்கானாவில் பழகிய ஜெனட் என்ற பெண் செய்தி அனுப்பியிருந்தாள்: 'அக்கா, என் கார்ல ஓட்டுங்க. ஆள் பத்தல. ப்ளீஸ் லா.'

பிரிஜிட் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பலமுறை படித்தாள். 'வர்றேன்' என்று தட்டினாள். சனிக்கிழமை எங்கே போகிறாய் என்று சாமுவேல் கேட்பான். போய்விட்டு வந்தால் ஒன்றுமே கேட்க மாட்டான். இரண்டும் கண்முன் வந்தன. தட்டியதை அழித்தாள்.

'எனக்கு அதுல ஆசை விட்டுப்போச்சுமா' என்று எழுதி அனுப்பிவிட்டு, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.