படகுக்கு இண்டிகேட்டர்

எங்கள் படகுக்கு இண்டிகேட்டர் இருந்தது. இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று. கொள்ளிடத்தில் அப்பா கோல் ஊன்றி ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற சின்ன மரப்படகு அது. அதற்கு ஒயரிங் செய்தவர் என் தாய்மாமன். ஜெயங்கொண்டத்தில் டிராக்டர் ஒயரிங்தான் அவர் தொழில். தெரிந்தபடி செய்தார்.

பொழுது சாய்ந்த பிறகு விளக்கில்லாமல் படகு விடக்கூடாது என்று அந்த வருடம் படகுக்கு லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அக்கரைக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்புவதே அந்த நேரத்தில்தான். அவர்கள் ஏறாவிட்டால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கிருந்து ஒருவர் வந்து பார்ப்பதாக இருந்தது. விளக்கு எரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் பஸ் ஏறுவதென்று அப்பா பையைக்கூட எடுத்து வைத்துவிட்டார்.

மாமா மூன்று நாள் தங்கி வேலை பார்த்தார். பழைய டிராக்டர் பேட்டரி, முன்னால் ஹெட்லைட், பின்னால் சிவப்பு விளக்கு, ஹாரன், எல்லாவற்றுக்கும் பலகையில் ஐந்து சுவிட்சுகள். இண்டிகேட்டரைப் பார்த்த அப்பா கேட்டார்: "ஏன் மாப்ள, ஆத்துல என்னைய எவன் ஓவர்டேக் பண்ணப் போறான்?"

"இருக்கட்டும் மச்சான். நாளைக்கு மோட்டார் வெச்சா தேவப்படும்" என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முதல் சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. ஐந்தையும் போட்டார். ஹாரன்கூட முனகவில்லை. பல்பைக் குறை சொன்னார், பியூஸைக் கழற்றி மாட்டினார், பேட்டரியை விற்றவனைத் திட்டினார். கரையில் கூடியவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்பா கோலை எடுத்துக் கரையில் போட்டார்.

வீட்டருகே துணி காயப்போட்டிருந்த அம்மா, கொடியிலிருந்த ஈரத்துணிகளை உருவி என் தோளில் போட்டுவிட்டுப் படகருகே வந்தாள்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கேக்குறேன். டிராக்டரு இரும்பு. இது மரமாச்சே. அதனால ஏதும் ஆவுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. டிராக்டரில் ஒரு விளக்குக்கு ஒரு ஒயர் இழுத்தால் போதும். கரண்டு திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே வழி. மரத்தில் அந்த வழி கிடையாது. மூன்று நாளும் அவர் பாதி ஒயரிங்தான் செய்திருந்தார்.

டவுனுக்குப் போய் ஒயர் வாங்கிவர நேரமில்லை. மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். வெறுமையாகக் கிடந்த கொடிக்கம்பி கண்ணில் பட்டது. அதை அவிழ்த்துப் படகைச் சுற்றி இழுத்து, விளக்குகளையெல்லாம் பேட்டரியின் மறுமுனையோடு சேர்த்தார்.

ஆபீஸ்காரர் வந்தபோது எல்லாம் எரிந்தது. அப்பா அவரை நடு ஆறுவரை ஏற்றிப்போய், வலது இண்டிகேட்டரைப் போட்டுத் திருப்பினார். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மாமாவின் மூளையை ஊரே மெச்சியது. மாமாவும் மறுக்கவில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்ததில், நாகப்பட்டினத்தில் ஒரு வருடம் படகு ஒயரிங் வேலையில் இருந்தேன். ஒன்றும் தெரியாதவர்களுக்கு அப்படி ஒரு கேள்வி வராது என்று அங்கேதான் உறைத்தது. விளக்கு எரிந்த அன்றைக்கோ, சோறு போட வந்த அம்மாவை, தெரியாததை இனிமேல் பத்துப் பேர் முன்னால் கேட்காதே என்று கண்டித்தேன்.

"சரி சாமி, இனிமே கேக்கல" என்றாள் அம்மா.